ஐஸ் கம்பெனி மாடியில், செவ்வாய் ராத்திரி

வெள்ளி எனக்கு ஆகாது, சனி அவளுக்கு ஆகாது.
ஞாயிறு முத்துப்பேட்டையில் பூசை, கம்பெனிக்குப் பாதி ஆள்தான் வரும்.
திங்கள் ஏலக் கணக்கு முழுக்க என் தலையில்.
மிஞ்சியது செவ்வாய்.
பெரியபட்டினம் ஐஸ் கம்பெனி மாடியில்
கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேலே குரலை வைத்து
இரண்டு பேர் ஒரு பக்கம் படிக்கிறோம்.

அவள் பெயர் சிம்ஹா.
கொச்சிப் பக்கத்து யூதக் குடும்பம். அம்மோனியா அழுத்தம் பார்க்கிற வேலை.
பெயருக்கு மகிழ்ச்சி என்று அர்த்தமாம்.
லோடுமேன்கள் சிங்கம் மேடம் என்கிறார்கள்.
அவள் திருத்துவதில்லை.

தனியாகப் படிக்கக் கூடாதாம் இதை.
தலையாட்டுகிறவளோடும் கூடாதாம்.
எடையில் ஏய்த்த தரகனை நான் கிழித்த அன்றைக்கே
மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டாள்:
"ஆமாம் போட ஆள் வேண்டாம் நஃபீலா,
மோத ஆள் வேண்டும்."

எனக்கு அரபி தெரியும், அவள் எழுத்து தெரியாது.
ஒரு மழைக்காலம் பிடித்தது.
ஜெராக்ஸ் தாளில் நடுவே நாலு வரி,
சுற்றிலும் எறும்பெழுத்தில்
பல நூற்றாண்டுச் சண்டை.

அன்றைக்கு வந்த கேள்வி:
கடல் அடித்துப் போன பொருளை
இன்னொருவன் கண்டெடுத்தால் யாருக்கு?
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என் தம்பி நெய்னா போன வாரம்தான்
சோநீவாட்டில் வந்த வலை ஒன்றை இழுத்துப் போட்டிருக்கிறான்.
நாற்பது பாகம். ஓரமெல்லாம் சிவப்புத் துணி முடிச்சு.
முடிச்சு யாருடையது என்று கரைக்கே தெரியும்.

கடலுக்கு அவள் சொல் யாம்.
அரபியிலும் யம்மு உண்டு,
மூஸா நபி குழந்தையாய் மிதந்து போன தண்ணீர்.
தமிழில் யாம் என்றால் நாங்கள்,
எதிரே நிற்கிறவனைச் சேர்க்காத நாங்கள்.
சொன்னதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.
கொஞ்ச நேரம் கம்ப்ரஸர் மட்டும் பேசியது.
"இது எந்த உரையிலும் இல்லை. ஓரத்தில் எழுது."
எழுதினேன், தமிழில்.

நான் நெய்னா கட்சி.
கடலுக்குள் போனது போனதுதான்.
உடையவன் கரையில் நின்று கத்தலாம்,
கத்தல் பட்டா ஆகாது.
தாளும் என் பக்கம்தான் நின்றது.
அவள் ஓரத்தைத் தோண்டினாள்:
எடுத்துக்கொள் என்று சட்டம் சொன்ன பிறகும்
கொடுத்துவிடுகிறவன் ஒருவன் இருக்கிறானே, அவன் யார்?
நான் விடவில்லை.

கரண்ட் போனது.
டார்ச் வெளிச்சத்தில், வழக்கம்போல், கட்சி மாறினோம்.
அவள் நெய்னாவுக்காகப் பேசினாள், என்னைவிட நன்றாக.
நான் ரெக்சனுக்காக வாயைத் திறந்தேன்.
அந்த வலைக்கு அவன் வாங்கிய முன்பணம்
இன்னும் என் நோட்டில்தான் பாக்கி நிற்கிறது.
பேச வரவில்லை.

தாளின் அடியில் அரமேயத்தில் ஒரு சொல் கிடந்தது.
உடையவன் மனம் விட்டுவிட்டானா?
விட்டிருந்தால் பொருள் கைமாறும்.
தாளைப் பார்த்து அதை எப்படிச் சொல்ல.

அடுத்த செவ்வாய் சிம்ஹா சாட்சியோடு வந்தாள்.
ஐஸ் ஏற்ற வந்த ரெக்சனையே கேட்டுவிட்டாளாம்.
"கடல் கொண்டதைக் கேட்கக் கூடாது மேடம். விட்டாச்சு."
"ஆக, விட்டான். நீ ஜெயித்தாய்."

இல்லை என்றேன்.
தினமும் காலை ஆறரைக்கு
எங்கள் சந்து வழியாக அவன் சைக்கிள் போகிறது.
அவனுக்கு அது சுற்று வழி.
நெய்னா காயப் போட்ட வலைக்கு முன்னால்
செயின் கழன்ற மாதிரி இறங்குகிறான்.
செயின் கழன்றதே இல்லை.
உதடு அசைகிறது, முடிச்சுகளை எண்ணுகிறான்.
பிறகு ஏறிப் போகிறான்.

வாய் விட்டது.
உதடு எந்தக் கட்சி?

சிம்ஹா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
கீழே யாரோ ஐஸ் பாரை உடைக்கிற சத்தம்.
நான் நெய்னாவுக்குப் போன் போட்டேன்.
வலையைச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன் என்றான்.
எதற்கென்று கேட்கவில்லை நான்.

"படி" என்றேன் அவளிடம், "நடு வரியிலிருந்து.
இந்தத் தடவை மெதுவாக."